உருட்டி உருட்டி வரும் மெருகு

பவானியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆற்றில் இறங்கிப் பொறுக்கியபோது சிவப்பும் பச்சையும் வரிவரியாக மின்னிய கூழாங்கற்கள், வீட்டு அலமாரிக்கு வந்ததும் சாம்பல் பூத்துப் போய்விட்டனவாம். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு, அப்புறம் வீட்டுத் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். “வார்னிஷ் அடித்துவிடலாமா?” என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளடிக்கும், அப்புறம் தோல் தோலாக உரியும். அதுவரைக்கும் மினுங்குவதும் வார்னிஷ்தானே தவிர உங்கள் கல் அல்ல.

கல் காய்ந்ததும் நிறம் ஏன் ஓடி ஒளிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கல் கைக்கு வழவழப்பாக இருந்தாலும் அதன் மேல்தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம். விழுகிற வெளிச்சம் அங்கே பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. சிதறிய வெளிச்சம் வெள்ளையாகத் தெரிவதால் உள்ளே இருக்கும் சிவப்பின் மேல் ஒரு பால் திரை விழுந்துவிடுகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்குகிறது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, குவார்ட்ஸுக்கு 1.54. காற்றைவிடத் தண்ணீர் கல்லுக்கு நெருக்கம் என்பதால் வெளிச்சம் அதிகம் சிதறாமல் உள்ளே போய், நிறத்தோடு திரும்பி வருகிறது. ஆக, நமக்கு வேண்டியதெல்லாம் ஈரம் காயாத ஒரு கல். அதாவது, மேடுபள்ளமே இல்லாத ஒரு மேல்தோல்.

அதை வீட்டிலேயே உண்டாக்கும் இயந்திரத்துக்கு ராக் டம்ப்ளர் என்று பெயர். பார்க்க ஒன்றுமே இருக்காது. ஒரு சின்ன மோட்டார், அது சுழற்றும் இரண்டு தண்டுகள், தண்டுகளின் மேல் படுத்தவாக்கில் உருளும் ஒரு ரப்பர் பீப்பாய். பீப்பாய்க்குள் கல், தண்ணீர், அரைக்கும் பொடி. மூடியை இறுக்கி சுவிட்சைப் போட்டால் இரவு பகலாக ஓடும். எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் ஆகும்.

பீப்பாய் சுழலும்போது கற்கள் மேலேறி விழுந்து மோதிக்கொள்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். மோதினால் கல் தெறித்துவிடும், அல்லது விளிம்பெல்லாம் பிறை பிறையாக வெடிப்பு விழும். உள்ளே நடக்க வேண்டியது வேறு. பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு, கொஞ்சம் கூடவே, கல் நிறைந்திருந்தால் குவியலின் மேலடுக்கு மட்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சரிந்துகொண்டே இருக்கும். அந்த வழுக்கலில் இரண்டு கற்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் பொடிதான் வேலைக்காரன். கல் குறைந்தால் சரிவதற்குப் பதிலாக விழும். அடைத்துவிட்டாலோ நகரவே நகராது. இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். சரசரவென்று மாறாத ஓசை வந்தால் பீப்பாய் சரியாக நிறைந்திருக்கிறது. கடகடவென்று அடித்தால் நிறுத்திவிட்டு இன்னும் நாலு கல்லைப் போடுங்கள். சின்னதும் பெரியதுமாகக் கலந்து போட்டால் இன்னும் நல்லது. பெரிய கல்லின் குழிவுக்குள் சின்னக் கல்தான் எட்டும்.

எழுபதுகளில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு மொசைக் போட்டார்கள். தளம் இறுகியதும் பாலிஷ் போடுகிறவர் ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் அடியில் கார்போரண்டம் கற்கள் பூட்டியிருந்தன. தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினார். கூடம் முழுக்கச் சாம்பல் சேறு. முதலில் கரகரப்பான கல். பிறகு குழிகளில் சிமென்ட் பால் விட்டு அடைத்து, சில நாள் ஆறப்போட்டு, அடுத்த கல். அப்புறம் அதைவிட நைசான கல். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சேற்றை வழித்துக் கழுவித் தள்ளாமல் அடுத்த கல்லைப் பூட்டவே மாட்டார். கடைசியில் ஆக்சாலிக் அமிலப் பொடியைத் தூவி, ஈரத்தோடு தேய்த்தார். அதற்குப் பிறகுதான் தரையில் ஜன்னல் தெரிந்தது. டம்ப்ளர் செய்வதும் அச்சு அசலாக இந்த வேலைதான். தரைக்கு ஒரே முகம், கல்லுக்கு எல்லாப் பக்கமும் முகம், வித்தியாசம் அவ்வளவே. அந்தக் கடைசி அமிலப் பொடியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டம்ப்ளரில் போடும் பொடியும் அதே கார்போரண்டம்தான். வேதியியல் பெயர் சிலிக்கன் கார்பைடு. 1891-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கோக் கரித்தூளையும் கலந்து, அதற்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினார். வைரம் கிடைக்கவில்லை. கார்பன் கம்பியின் மேல் கறுப்பாக மினுங்கும் படிகங்கள் ஒட்டியிருந்தன. அவை கண்ணாடியைக் கீறின. ரத்தினக்கல் தீட்டுகிறவர்கள் தொடக்கத்திலேயே அதை வாங்கினார்கள். நம்மூரில் இந்தப் பெயர் புழங்கக் காரணம், 1954-இல் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கூட்டோடு தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல். அதன் ஆலை உள்ள திருவொற்றியூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

பொடிக்கு எண் உண்டு. சல்லடையில் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பது கணக்கு. எண் ஏற ஏறப் பொடி நைசு. முதல் வாரம் 60-90, அடுத்த வாரம் 120-220, மூன்றாவது வாரம் 500, கடைசி வாரம் மெருகுப் பொடி. 60-ஆம் எண் துகள் கால் மில்லிமீட்டர் இருக்கும். 500-இல் அது மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். முதல் கட்டத்தில்தான் கல்லுக்கு உருவம் வருகிறது. மூலைகள் கரைந்து, வெடிப்புகள் தேய்ந்து, கால் பங்கு கல் வரை கரைந்துபோவது சாதாரணம். இந்தக் கட்டத்துக்கு ஒரு வாரம் போதவில்லையென்றால் இன்னொரு வாரம் ஓட்டுங்கள். இங்கே விட்டுவைத்த பள்ளத்தை அடுத்த மூன்று பொடியும் சேர்ந்தாலும் சரிசெய்யாது.

கழுவுவதுதான் இதில் பாதி வேலை. 60-ஆம் எண்ணில் ஒரே ஒரு துகள் ஏதோவொரு கல்லின் வெடிப்பில் பதுங்கியிருந்து கடைசி வாரத்தில் வெளியே வந்தால், மொத்தப் பீப்பாயும் கோடு கோடாகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கல் கல்லாகத் தேய்க்க வேண்டும், மூடியின் விளிம்பையும் சேர்த்து. மெருகு வாரத்துக்கென்று தனிப் பீப்பாய் வைத்துக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள். கழுவிய கூழைச் சமையலறைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குழாயின் வளைவில் போய்த் தங்கி இறுகிவிட்டால், அப்புறம் குழாயைத்தான் மாற்ற வேண்டும். தோட்டத்து மூலையில் ஒரு குழி போதும்.

எந்தக் கல்லைப் போடலாம்? கொங்கு நாட்டில் காடு மேடெல்லாம் கிடக்கும் வெங்கச்சங்கல் குவார்ட்ஸ்தான், தாராளமாகப் போடலாம். அகேட், ஜாஸ்பர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு பீப்பாயில் போகும் கல்லெல்லாம் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. கத்தி முனையால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் அது குவார்ட்ஸ் கூட்டத்தில் சேராது. வினிகர் விட்டுப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் அல்லது மார்பிள். கருங்கல்லில் சங்கடம் என்னவென்றால் ஒரே கல்லுக்குள் கடினமான மணியும் மெத்தான மணியும் கலந்திருக்கும். மெத்தானது முதலில் தேய்ந்து அம்மைத்தழும்பாகிவிடும். பல்லாவரத்துக் கருங்கல்லுக்கும் இதே கதைதான். அந்த வகைக் கல்லில்தான் கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைப் பலகை செய்யப்பட்டிருக்கிறது. அதனாலேயே அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வந்தது. பெருமையெல்லாம் சரி, பீப்பாய்க்குச் சரிப்படாது.

ஒன்றைக் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. மரமெல்லாம் சிலிக்காவாக மாறியிருப்பதால் அற்புதமாக மெருகேறும் என்பது உண்மை. அதற்காகவே அதைத் தொடாதீர்கள். கோடிக்கணக்கான ஆண்டு வயதுள்ள, பாதுகாக்கப்பட்ட இடம் அது. பையில் போட்டுக்கொண்டு வந்து சாவிக்கொத்து செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆற்றுக்கல்லும் அப்படித்தான், ஒரு கைப்பிடி பொறுக்கினால் பொழுதுபோக்கு, மூட்டை கட்டினால் கொள்ளை.

இனி எனக்குப் பிடித்த இடம். மூன்று வாரம் ஓடி முடிந்த கல்லைக் கழுவி, துடைத்து, விளக்குக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். வழவழப்பு இருக்கும். பளபளப்பு இருக்காது. ஈரமாக இருக்கையில் அரசன், காய்ந்ததும் ஆண்டி. அங்கிருந்து நாலாவது வாரத்துக்குள் அது கண்ணாடியாகிறதே, அந்தக் கடைசி வாரத்தில் என்ன நடக்கிறது?

நியூட்டனுக்கு இதில் சந்தேகமே இல்லை. 1704-இல் வந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் அவர் சொன்ன விளக்கம் எளிமையானது: பெரிய கீறல்களைச் சின்னக் கீறல்களாக்குகிறோம், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதானதும் அதற்கு மெருகு என்று பெயர் வைக்கிறோம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் கீழே. கீறல் அதைவிடச் சிறியதாகிவிட்டால் ஒளிக்கு அது ஒரு பள்ளமாகவே படாது. கடினமான அலுமினியம் ஆக்சைடு போட்டுத் தேய்ப்பதற்கு இந்த விளக்கம் போதும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, அலுமினியம் ஆக்சைடு 9. கடினமானது தேய்க்கிறது, மெத்தானது தேய்கிறது.

ஆனால் லென்ஸ் செய்கிறவர்களும் கல் மெருகிடுகிறவர்களும் விரும்பிப் போடும் இன்னொரு பொடி சீரியம் ஆக்சைடு. அதன் கடினம் சுமார் 6. குவார்ட்ஸைவிட மெத்தானது! அதை வைத்து எத்தனை ஆண்டு தேய்த்தாலும் குவார்ட்ஸில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. ஆனாலும் குவார்ட்ஸ் பளிங்காகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் வேறொன்று சொன்னார். மெருகேறும்போது மேல்தோல் திரவமாக ஓடிப் பள்ளங்களை நிரப்புகிறது என்றார். 1937-இல் கேம்பிரிட்ஜில் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று நம் பூஜை அறையில் இருப்பது: கற்பூரம். நகத்தால் அழுத்தினாலே உதிரும் கற்பூரம், 70 டிகிரியில் உருகும் வுட்ஸ் மெட்டல் என்ற கலப்பு உலோகத்தை மெருகேற்றியது. ஈயத்திடம், வெள்ளீயத்திடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. கற்பூரத்தின் உருகுநிலை 178 டிகிரி அளவில். ஈயமும் வெள்ளீயமும் அதைவிட அதிக வெப்பத்தில் உருகுகிறவை. தேய்ப்பதில் யார் கடினம் என்பதைவிட யார் முதலில் உருகுகிறார் என்பதே கணக்கு என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். உரசும் இடத்தில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் சூடேறி உலோகம் உருகி ஓடுகிறது என்பது அவர்கள் கட்சி.

கற்பூரம் உலோகத்துக்கு மெருகிட்டது என்பதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று. பின்னாளில் வந்த நுண்ணோக்கிகள் அந்த அழகான கதையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டன. மெருகேறிய உலோகத்தில் ஓடி உறைந்த படலம் எதுவும் தென்படவில்லை. மிக மிக மெல்லிய கீறல்களே இருந்தன. நியூட்டன் உலோகத்தில் ஜெயித்தார்.

கண்ணாடியிலும் குவார்ட்ஸிலும் அவர் ஜெயிக்கவில்லை. அங்கே நடப்பது வேதியியல். தண்ணீர் முதலில் குவார்ட்ஸின் மேல்தோலில் சிலிக்கனும் ஆக்சிஜனும் கோத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறது. சீரியம் ஆக்சைடு துகள் அருகில் வரும்போது அந்தத் தளர்ந்த சிலிக்காவோடு ஒரு கணம் கை கோத்துக்கொள்கிறது. துகள் நகர்ந்ததும் சிலிக்கா மூலக்கூறும் கூடவே பிடுங்கிக்கொண்டு போகிறது. மேட்டில்தான் துகள் அதிகம் படுகிறது; ஆகவே மேடுதான் முதலில் கரைகிறது. சுரண்டலே இல்லை. நிரூபணம் வேண்டுமா? தண்ணீருக்குப் பதிலாகத் தண்ணீரே கலவாத ஹைட்ரோகார்பன் எண்ணெயில் தேய்த்தால் இந்த மெருகு கிட்டத்தட்ட நின்றுபோகிறது. சுரண்டல் மட்டும் என்றால் எண்ணெயிலும் நடந்திருக்க வேண்டும். மொசைக் தரையில் கடைசியாகத் தூவிய ஆக்சாலிக் அமிலமும் இந்த ஜாதிதான். தளத்தின் கால்சியத்தோடு வினைபுரிந்துதான் அது தன் வேலையை முடித்தது.

உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லு, தயாரிக்கும்போது பலமுறை இப்படித்தான் வேதியியலும் உரசலும் சேர்ந்து சமன் செய்யப்படுகிறது. அந்தக் கூழ்களில் சீரியம் ஆக்சைடுக்கும் இடமுண்டு. சீரியம் ஏதோ எட்டாத சரக்கு என்றும் எண்ண வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் அதிகமாக உள்ள அருமண் உலோகம் அதுதான்.

மோட்டார் வருவதற்கு முன்னாலும் கல் உருண்டுகொண்டுதான் இருந்தது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி செய்வது பழைய தொழில். தீட்டிய மணிகளைத் தோல் பையில் போட்டு, குருந்தப் பொடியும் அகேட் தூளும் தண்ணீரும் சேர்த்து வாய் கட்டி, எதிரெதிரே உட்கார்ந்த இருவர் நாள்கணக்கில் அதை முன்னும் பின்னும் உருட்டுவார்களாம். ஹரப்பா மணிகளைப் புரிந்துகொள்ள வேண்டி, தொல்லியலாளர் மார்க் கெனோயரும் கூட்டாளிகளும் கம்பாத் கைவினைஞர்களின் அருகில் உட்கார்ந்து படித்தார்கள். நம் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் முடிந்த மணிகளோடு பாதி வேலையில் நின்றுபோன மணிகளும் கழிவுச் சில்லுகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. குவார்ட்ஸ், சூதுபவளம், பச்சைக்கல் எல்லாம் அதில் உண்டு. மின்சாரமில்லாத அந்தப் பட்டறையில் ஒரு மணிக்கு மெருகேற்ற எத்தனை கை வலித்திருக்கும் என்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். நாமோ செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

கை வலித்ததோடு போகவில்லை என்பதுதான் துயரம். தோல் பையிலும் டம்ப்ளரிலும் வேலை ஈரத்தில் நடக்கிறது, தூசி பறக்காது. அதற்கு முந்தைய கட்டம், கல்லைச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தீட்டுவது. கம்பாத்தில் அதை வீட்டுத் திண்ணையிலேயே, உலர்வாகவே செய்தார்கள். அகேட் கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உள்ளேயே தழும்பாகி மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோய் அங்கே குடும்பம் குடும்பமாகப் பிடித்தது. காசநோயும் சேர்ந்துகொள்ளும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அந்தத் தொழிலாளர்களை ஆய்வு செய்து, தூசியை உறிஞ்சி எடுக்கும் சாதனத்தையும் வடிவமைத்துக் கொடுத்தது. கடையில் அதிர்ஷ்டக் கல் என்று பேரம் பேசி வாங்குகிறோமே, அந்த அதிர்ஷ்டம் யாருக்கு என்று எந்த ஜோசியரும் சொல்வதில்லை.

கம்பாத் தூரம் என்று தள்ளிவிடவும் முடியாது. உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது டைல்ஸ் ஒட்டும்போது பாருங்கள். வாசலில் ஒரு பையன் குத்துக்காலிட்டுக் கட்டிங் மெஷினில் கிரானைட் பலகையை அறுத்துக்கொண்டிருப்பான். தலைமுடி, புருவம், இமையெல்லாம் வெள்ளை. முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தால் பெரிய விஷயம். சிலிக்காவின் நுண்தூசிக்கு அந்தக் கைக்குட்டை தடையே அல்ல. சிலிக்கோசிஸைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து கிடையாது. தடுக்கும் வழியோ மலிவு. அறுக்கும் இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி பெருமளவு சேறாகத் தரையில் தங்கிவிடும். அதற்கு மேல் ஒரு நல்ல மாஸ்க். தரை நனையும், சுவர் கறைபடும் என்று வேண்டாமென்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். மோட்டார் மெஷினும் தண்ணீரும் சேரும்போது ஷாக் அடிக்காமல் இருக்க மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வேலை நடந்தால், உலர்வாக அறுக்க விடாதீர்கள். அரை நாள் கூலி கூட ஆனாலும் கொடுங்கள்.